மூன்றரைத் தொன் குடிபூரல்

டென்மார்க்கில் எங்கள் ஆட்கள் விடுமுறை கிடைத்தால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள். லண்டன் என்றால் சின்னம்மா வீடு, பாரிஸ் என்றால் மாமி வீடு, ஜெர்மனி என்றால் என் கணவரின் தங்கை வீடு. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிற டேனிஷ்காரி ஒருத்தி, "பாரிஸில் கோபுரத்தைப் பார்த்தாயா?" என்று ஆசையோடு கேட்டாள். "பார்த்தேன், காரில் போகும்போது தெரிந்தது" என்றேன். பொய்யில்லை. பாரிஸில் நின்ற நாள் முழுக்க நான் மாமியின் குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டு நின்றேன். போன இடத்தில் சும்மா இருந்தால் மரியாதையில்லை. அவர்கள் இங்கே வந்தால் என் குசினியில் நின்று பிழிவார்கள். இதற்காகத்தான் விமானம் ஏறி, எல்லை தாண்டி, கடவுச்சீட்டைக் காட்டிப் போய்வருகிறோம்.

ஐம்பது வயது தாண்டிய பிறகு எனக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. ஒரு கிழமை, ஏழே ஏழு நாள், எங்களைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லாத இடத்தில் காலையில் கண்விழிக்க வேண்டும். "எழும்பியாச்சோ, தேத்தண்ணி போடட்டோ" என்று என்னை ஒருவரும் கேட்கக்கூடாது. நானும் ஒருவரையும் கேட்கக்கூடாது. யுட்லாந்தின் மேற்குக் கரையில், கடலைப் பார்த்தபடி நானும் என் கணவரும் மட்டும் இருக்க வேண்டும். இதை அவரிடம் சொன்னபோது, "அங்கை ஆரின்ரை வீடு இருக்கு?" என்று கேட்டார். ஒருவர் வீடும் இல்லாததுதான் விசேஷம் என்று விளங்கப்படுத்த எனக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் தேவைப்பட்டது.

விளங்கிய பிறகு மனுஷன் ஒரேயடியாக உற்சாகமானார். ஹ்விடோவ்ரேயில் ஒரு வயதான டேனிஷ் தம்பதியிடம் போய்ப் பழைய ஓட்டோகாம்பர் ஒன்றை வாங்கி வந்தார். படுக்கை, குசினி, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கிற வான் அது. அல்பர்ட்ஸ்லுண்டில் எங்கள் வரிசை வீட்டின் முன்னால் அதை நிறுத்திவிட்டு, "யூலையிலை போறம். சத்தியமாப் போறம்" என்றார்.

யூலையை விட்டால் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எங்கள் மகளுக்கு இலையுதிர்காலத்தில் குழந்தை பிறக்க இருந்தது. அதற்குப் பிறகு என் விடுமுறை நாட்கள் எல்லாம் எங்கே போகும் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. நானே தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். ஆகவே இந்தக் கோடைதான், இந்த ஒரு கிழமைதான்.

வாகனத்தின் இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ஏறினால்தான் அழுகை வந்தது. தலைக்கு மேலேயும் கால்களுக்குக் கீழேயும் சுற்றிவர அலுமாரிகள். எல்லாம் மண்ணிறம். மரம் போலக் கோடு கீறிய பிளாஸ்டிக் தாளை மெல்லிய பலகையில் ஒட்டியிருந்தார்கள். மூலைகள் வளைந்திருந்தன. பித்தளை நிறத்தில் பொத்தான் போன்ற பிடிகள். அமுக்கினால் வெளியே துள்ளும், திரும்ப அமுக்கினால் உள்ளே போகும், சில எந்தப் பக்கமும் போகாது. கதிரைத் துணியில் மண்ணிறத்திலும் மயில் நிறத்திலும் கோணல்மாணலான கோடுகள். ஒரு காலத்தில் இதைப் பார்த்து யாரோ அழகு என்று சொல்லியிருக்க வேண்டும். உள்ளே இருந்தால் பெரிய பழைய றேடியோப் பெட்டிக்குள் இருப்பதுபோல இருந்தது.

எனக்கு மேசன்வேலை, மரவேலை ஒன்றும் தெரியாது. மகள்தான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, இதற்கு நேரே பெயின்ற் பூசினால் நகத்தால் சுரண்ட உரிந்து வரும் என்று டேனிஷில் சொன்னாள். அவள் என்னோடு எப்போதும் டேனிஷில்தான் கதைப்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன், இரண்டு பேருக்கும் முழுவதும் விளங்கும். அவள் சொன்னபடியே கதவுகளைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, மினுக்கம் போகும்வரைக்கும் மணல் ஒட்டிய மெல்லிய மட்டத்தாளால் தேய்த்து, பெயின்ற் பிடிப்பதற்கான அடிப்பூச்சுப் பூசி, காயவிட்டு, பிறகு வெள்ளை பூசினேன். வேலை முடிந்து வந்த பின்னேரங்களில், முன்முற்றத்தில் பழைய விரிப்பைப் போட்டு, சின்னப் பஞ்சு உருளையால் ஒரு திசையாக உருட்டினேன். மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்த பிறகு இன்னொன்று. அந்தக் கதவுகள் ஒரு கையால் தூக்கக்கூடிய அளவு பாரமற்றவை. பித்தளைப் பொத்தான்களைக் கழற்றி எறிந்துவிட்டு, தோல்வார்த் துண்டுகளைப் பிடியாக வைத்தேன்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, யன்னலைத் திறந்துவிட்டு உள்ளே இருந்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது. வெளிச்சம் உள்ளே வந்து நின்றது. என் வாழ்க்கையில் ஒருவரிடமும் கேட்காமல் நானே செய்து முடித்த பொருள் என்று அதைத்தான் சொல்வேன். என் கணவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீர் பெரிய ஆள்தானப்பா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. யூலைக்கு இன்னும் நாள் இருந்தது. அன்றைக்கே வெளிக்கிட்டுப் போயிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டோஸ்ட்ருப்பிலிருந்து என் அண்ணை வந்தார்.

அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அவர்தான். முதல் குளிர்ச்சட்டை வாங்கித் தந்தவரும், கலியாணம் பேசி முடித்தவரும் அவர்தான். குசினி அலுமாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வெகுகாலம் வேலை செய்து இப்போது ஓய்வாக இருக்கிறார். ஓய்வு என்றால் வீட்டில் இருப்பார் என்று நினைக்கக்கூடாது. அண்ணை கை வைக்காத தமிழ்க் குசினி டோஸ்ட்ருப்பில் இல்லை. ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் ஆட்களைப் பார்க்கமாட்டார், அலுமாரிக் கதவை விரலால் தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்து அந்த வீட்டுக்காரரின் நிலைமையைச் சொல்லிவிடுவார்.

என் வெள்ளைக் கதவையும் தட்டினார். அது டொக் என்று ஒரு சின்னச் சத்தம் போட்டது.

"என்ன பிள்ளை இது, கடதாசி."

"கடதாசி இல்லை அண்ணை, மெல்லிய பலகை. ஓடுற வாகனத்துக்கு அப்பிடித்தான் செய்யிறவை."

"வெள்ளைக்காரன் கடதாசிக்குள்ளை இருப்பான். நாங்கள் இருக்கேலுமோ? பலகை எண்டால் பலகையா இருக்க வேணும்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, "மச்சான் சொல்லுறதும் சரி மாதிரித்தான் கிடக்கு" என்றார். எங்கள் குடும்பத்தில் அண்ணை சொல்வது எப்போதும் சரி மாதிரித்தான் கிடக்கும்.

அண்ணையின் கொட்டகையில் ஓக் மரக் கதவுகள் அடுக்கப்பட்டிருந்தன. யாரோ ஒரு டேனிஷ்காரர் தன் குசினிக்கென்று செய்வித்து, நிறம் பிடிக்கவில்லை என்று வேண்டாமென்றுவிட்டுப் போனவை. "சும்மா கிடக்குது, தங்கச்சிக்கு இல்லாமல் ஆருக்கு?" என்று அண்ணை சொன்னபோது மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு எங்களிடம் சொல் இருக்கிறது. அதை மூத்தவர்களிடம் சொல்வதற்கு இன்னும் ஒருவரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

ஒரு நாள் காலை வேலைக்குப் போய்ப் பின்னேரம் திரும்பி வந்தேன். என் வெள்ளைக் கதவுகள் இல்லை. அண்ணையும் என் கணவருமாகக் கழற்றி, கொமுனேயின், அதுதான் நகரசபையின், கழிவுப் பொருள் சேர்க்கிற இடத்தில் மரக்கழிவுப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். "உமக்கு அலைச்சல் வேண்டாம் எண்டு நாங்களே கொண்டுபோனம்" என்றார் என் கணவர், ஏதோ உதவி செய்த முகத்தோடு. எனக்குக் காலில் சுடுதண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதை வேலைக் களைப்பு என்று நினைத்து எனக்கு இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

ஒன்று மாறினால் ஒன்றோடு நிற்காது. ஓக் கதவின் பாரத்தைப் பழைய சட்டங்கள் தாங்கவில்லை, பிணைச்சல்கள் பிடுங்கிக்கொண்டு வந்தன. ஆகவே சட்டங்களையும் தடித்த பலகையில் மாற்றினார்கள். சட்டம் தடித்ததும் மேலே இருந்த பழைய தட்டு இளைத்துப்போய்த் தெரிந்தது. ஆகவே அதையும் எடுத்துவிட்டுக் கருங்கல் பலகை வைத்தார்கள். மினுமினுக்கிற கறுப்புக் கல். மூன்று பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். "இதிலை நீ தோசை மாவு கொட்டினாலும் ஒரு துடைப்பிலை போகும்" என்றார் அண்ணை. கடற்கரைக்குப் போய்த் தோசை சுடத்தான் நான் ஆசைப்பட்டேன் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

பிறகு சாமி அலுமாரி. சாரதியின் இருக்கைக்குப் பின்னால் சின்னதாக, மணி தூக்க ஒரு கொளுக்கியும் வைத்து, அண்ணை மிகுந்த பக்தியோடு செய்தார். சாமி எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் சிக்கல் வந்தது. கிழக்கே பார்க்க வைத்தால், வாகனம் வளைவில் திரும்பினால் சாமியும் திரும்புவார். இதைப் பற்றி இரண்டு ஆண்களும் தேத்தண்ணியும் வடையுமாக ஒரு பின்னேரம் முழுக்க ஆலோசித்தார்கள். கடைசியில், "போற இடத்திலை நிப்பாட்டேக்கை சாமிக்கு ஏத்த மாதிரி நிப்பாட்டுவம்" என்று என் கணவர் தீர்ப்புச் சொன்னார். மேற்குக் கரையில் சாமி கிழக்கைப் பார்த்தால் நான் எந்த யன்னலால் கடலைப் பார்ப்பது என்று கேட்டேன். ஒருவருக்கும் காது கேட்கவில்லை.

இவ்வளவும் செய்த பிறகு சும்மா ஏறிப் போகலாமா? போகக்கூடாதாம். அடுப்பு இருக்கிறது, படுக்கை இருக்கிறது, சாமி இருக்கிறார். இது வீடுதான். வீடென்றால் பால் காய்ச்ச வேண்டும். அண்ணை பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தார். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவரே தொலைபேசியில் சொன்னார். "ஓம் ஓம், வானுக்குத்தான் குடிபூரல். என்ன சிரிக்கிறாய்? கட்டாயம் வந்திடு." ஆட்கள் இல்லாத இடத்துக்குப் போவதற்காக வாங்கிய வாகனத்துக்கு ஊர் முழுவதும் அழைப்புப் போனது.

அன்றைக்கு எங்கள் தெருவில் கார் விட இடமில்லை. வாகனத்துக்குள் நான்கைந்து பேருக்கு மேல் நிற்க முடியாததால், பட்டுச் சேலைகளும் வேட்டிகளுமாக வாசலில் வரிசை நின்றது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற டேனிஷ்காரர் வெளியே வந்து, என்ன விற்கிறோம் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். புதுக் கருங்கல்லின் முன்னால் அண்ணையின் மனைவி, என் மச்சாள், புதுப் பானையில் பாலை வைத்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கிக் கல்லில் வழிந்தது. "கிழக்காலை பொங்கீற்றுது!" என்று எல்லோரும் மகிழ்ந்த அந்த நேரம் புகை அபாயமணி வீரிட்டது. யாரோ அதையும் நல்ல சகுனம் என்றார்கள்.

குடிபூரலுக்கு எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு வருவதில்லை. குத்துவிளக்கு வந்தது, வீட்டுக் கூடத்தில் வைக்கிற உயரமான விளக்கு. பிரஷர் குக்கர் வந்தது. பீங்கான் கோப்பைத் தொகுதி வந்தது. இரும்புத் தேங்காய்த் திருவலை வந்தது. "அங்கை கடற்கரையிலை அரிசி எடுக்கேலாதுதானே" என்று ஒருவர் மூட்டை அரிசியே கொண்டுவந்தார். வந்தவர்கள் தாங்களே அலுமாரிகளைத் திறந்து, "அட, எவ்வளவு இடம் கிடக்கு!" என்று வியந்து, தாங்களே உள்ளே அடுக்கிவிட்டுப் போனார்கள். ஓக் கதவுகள் சத்தமில்லாமல், மெதுவாகத் தாங்களே மூடிக்கொண்டன. அண்ணை அதைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடிக் காட்டினார்.

எங்கள் விடுமுறை தொடங்கிய முதல் நாள், ஒரு சுற்று ஓடிப் பார்ப்போம் என்று வெளிக்கிட்டோம். தெரு முனையில் கார்களை மெதுவாகப் போகவைக்கும் மேடு ஒன்று உண்டு. முன்சில்லு ஏறி இறங்கியது. பின்பகுதி அதில் உட்கார்ந்தது. அடியில் ஏதோ நறநறவென்று தேய்ந்த சத்தம் எனக்குப் பல்லில் கூசியது. எதிர்வீட்டுக்காரர் நாயோடு வந்தவர் நின்று, சில்லுகளைக் குனிந்து பார்த்தார். அவரும் வெகுகாலம் இப்படியொரு வாகனம் வைத்திருந்தவர். "இதைத் தராசில் நிறுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். ஒரு வாகனத்தை நிறுத்துப் பார்க்கலாம் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் சொன்ன இடத்துக்குப் போனோம். ஊருக்கு வெளியே, தானியம் ஏற்றும் லொறிகளை நிறுக்கிற பெரிய தராசு. எங்களை இறங்கச் சொன்னார்கள். நாங்கள் இறங்கிய பிறகும், எங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் இடம்கொடுக்கிற மூன்றரைத் தொன்னைத் தாண்டித்தான் இலக்கம் நின்றது. சின்னத் தாண்டலும் இல்லை. தராசடியில் நின்ற இளைஞன் உள்ளே எட்டிப் பார்த்தான். கருங்கல்லையும் ஓக் கதவுகளையும் சாமியையும் பார்த்தான். "இதில் நீங்கள் யுட்லாந்துக்குப் போக முடியாது. சட்டப்படி வீட்டுக்கும் போக முடியாது. நான் ஒன்றும் பார்க்கவில்லை" என்று டேனிஷில் சொல்லிவிட்டுத் தன் கோப்பியைக் குடித்தான்.

வீட்டுக்கு ஊர்ந்து வந்தோம். வழியெல்லாம் பொலிஸ் வருகிறதா என்று கண்ணாடியையே பார்த்தபடி வந்தார் என் கணவர். எனக்கு உண்மையில் அழுகைதான் வந்தது. முற்றத்தில் நிறுத்தியதும் அவர், "நான் லொறி அனுமதிப்பத்திரம் எடுக்கட்டோ?" என்றார். பிறகு, "வாற வருஷம் போவமே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாவது யோசனை இருந்ததோ என்னவோ, அதை விழுங்கிவிட்டார்.

செய்தி கேட்டு அண்ணை உடனே வந்தார். வாகனத்தைச் சுற்றி நடந்தார். உள்ளே ஏறி ஓக் கதவொன்றைத் திறந்தார், அது மெதுவாக மூடியது. அவர் முகத்தில் கவலையே இல்லை.

"இதுக்கேன் பிள்ளை மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிறாய்? ஓடாட்டிப் போகட்டும். வீட்டுக்கு ஒரு அறை கூடின மாதிரி. மாதக் கடைசியிலை கனடாச் சித்தப்பா ஆக்கள் வருகினம்தானே? இதுக்குள்ளை வடிவாப் படுப்பினம். குசினியும் கிடக்கு."

"அட ஓம், அதுகும் நல்ல யோசினைதான்" என்றார் என் கணவர்.

எனக்குக் கண் முன்னால் எல்லாம் தெரிந்தது. கனடாச் சித்தப்பா, சித்தி, அவர்களின் பிள்ளைகள். எங்கள் முற்றத்தில் ஒரு நிரந்தர விருந்தினர் அறை. காலையில் நான் தேத்தண்ணித் தட்டோடு படியிறங்கிப் போய், என்னுடைய ஓட்டோகாம்பரின் கதவைத் தட்டி, "எழும்பியாச்சோ?" என்று கேட்கிறேன்.

"எனக்கு ஒருத்தரும் வேண்டாம்" என்றேன்.

"என்ன?"

"ஒரு கிழமை. ஒரே ஒரு கிழமை எனக்கு ஒருத்தரும் வேண்டாம் அண்ணை. சித்தப்பாவும் வேண்டாம், சித்தியும் வேண்டாம். அதுக்குத்தான் இந்த வானை வாங்கினது. நீங்கள் எல்லாரும் சேர்ந்து இதை வீடாக்கிப் போட்டியள். எனக்கு வீடு இருக்கு. வீட்டிலையிருந்து கொஞ்சம் எங்கையாவது போகத்தான் கேட்டனான்."

அண்ணை என்னைப் பார்த்தார். குரல் இறங்கி, "நானுமோ?" என்று கேட்டார்.

"நீங்களும்தான் அண்ணை."

அண்ணை தட்டிப் பார்க்கும் அந்த விரலால் கருங்கல்லை ஒருமுறை தடவிவிட்டு, காரில் ஏறிப் போனார். முதல் குளிர்ச்சட்டை வாங்கித் தந்த மனுஷனிடம் நீங்களும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கவும் எனக்கு மனமில்லை. சொன்னது அவ்வளவும் உண்மை.

மறுநாள் காலை ஒரு சத்தம் கேட்டு எழும்பினேன். முற்றத்தில் அண்ணை, தச்சு ஆயுதப் பெட்டியோடு. வருவதாகத் தொலைபேசியில் சொல்லவில்லை, வாசல் மணியும் அடிக்கவில்லை. ஓக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் காரில் இழுத்து வந்த பெட்டி வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, குடிக்காமல் படியில் வைத்தார். கருங்கல்தான் அசையவில்லை. கப்பலுக்குப் பூசுகிற பசை போட்டு ஒட்டியிருந்தார், தலைமுறைக்கும் நிற்க வேண்டும் என்று. உளி வைத்து அடிக்க அடிக்க அது துண்டுதுண்டாகத்தான் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவர் முகம் சுருங்கியது. கல்லை எடுத்த இடத்தில் மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்றை அளந்து, வெட்டி, வைத்தார். விரலால் தட்டினார். அது டொக் என்றது.

"கடதாசி" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே சொல் அதுதான்.

குத்துவிளக்கு முதல் அரிசி மூட்டை வரைக்கும் வீட்டுக்குள் தூக்கி வைத்தோம். சாமியை என் கணவர் பயபக்தியோடு வீட்டுக்குள் பழைய இடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே அவருக்குத் திசைப் பிரச்சினை இல்லை. வாகனத்துக்குள் கதவில்லாத அலுமாரிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. என் வெள்ளைக் கதவுகள் எப்போதோ கொமுனேயின் உலையில் எரிந்து, ஊர் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீராகியிருக்கும். திரும்பக் கதவு செய்ய நேரமில்லை, விடுமுறை ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சேலைகள் ஞாபகம் வந்தன. சாமத்தியவீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் போனால் எங்களுக்குத் தருகிற சேலைகள். உடுக்கவும் முடியாது, வேறு ஆருக்கும் கொடுக்கவும் முடியாது. தந்தவர் எந்த மண்டபத்தில் எதிரே வருவாரோ தெரியாது. ஒரு அலுமாரி முழுக்க அவை கிடந்தன. ரோசா, இளம்பச்சை, ஒருவருக்கும் பொருந்தாத ஒரு கத்தரிப்பூ நிறம். கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். தயக்கமே வரவில்லை. மேலும் கீழும் மடித்துத் தைத்து, இழுபடும் திரைக்கம்பிகளைக் கோத்து, ஒவ்வொரு அலுமாரிக்கும் இரண்டு பக்கமும் கொளுவினேன். வளைவில் திரும்பினாலும் சாமான் வெளியே விழாது. மிஞ்சிய துண்டுகள் யன்னல்களுக்குத் திரையாகின. பாரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. திரும்ப அந்தத் தராசுக்குப் போனோம். அதே இளைஞன் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இப்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போகலாம் போல இருக்கிறது" என்றான்.

பெரிய பாலம் கடந்து, தீவு கடந்து, யுட்லாந்தின் மறுகரைக்குப் போனோம். மணல்மேட்டுக்குப் பின்னால் நிறுத்தினோம். எங்களைச் சுற்றி டேனிஷ்காரரும் ஜெர்மன்காரரும்தான். முதல் நாள் காலை நான் விழித்தபோது, சேலைகளுக்குள்ளால் வெயில் வந்து கூரை முழுவதும் ரோசாவும் பச்சையுமாகக் கிடந்தது. கடல் இரைந்தது. ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் அப்படியே கிடந்தேன். நான் சந்தோஷமாக இருந்தேன். இதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

என் கணவருக்குத்தான் கை கால் ஓடவில்லை. இரண்டாம் நாள் மாலை, "எங்களுக்கு ஒருத்தரும் கோல் எடுக்கேல்லை, கவனிச்சனீரோ?" என்றார். கவனித்திருந்தேன். மூன்றாம் நாள் நானே மகளுக்கு அடித்துக் கேட்டேன். பெரிய மாமா, என் அண்ணை, எல்லா வீட்டுக்கும் அழைத்து, தங்கச்சிக்கு ஒரு கிழமை ஒருவரும் வேண்டாமாம், ஒருவரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்று அவள் டேனிஷில் சொன்னாள். குடிபூரலுக்கு அழைத்த அதே வரிசையில் அழைத்திருப்பார் என்று நினைக்கிறேன். கோபத்தில் செய்தாரா அன்பில் செய்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க எனக்குத் தொலைபேசி அடிக்கவில்லை.

திரும்பி வரும்போது வீட்டுக்குப் போகாமல் நேரே டோஸ்ட்ருப்புக்கு விடச் சொன்னேன். அண்ணை வீட்டு வாசல் நிறையச் செருப்புகள். கனடாச் சித்தப்பா குடும்பம் முதல்நாளே வந்திறங்கியிருந்தது. படுக்க என் ஓட்டோகாம்பர் இல்லாததால் எல்லோரும் அங்கேதான். குசினி யன்னலால் மச்சாள் தெரிந்தாள். இடியப்ப உரலை அமுக்கிக்கொண்டு நின்றாள். உள்ளே தொலைக்காட்சியும் சின்னப் பிள்ளைகளும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அண்ணை வெளியே வந்தார். பயணம் எப்படி என்று கேட்கவில்லை. என்னைத் தாண்டி வாகனத்துக்குள் ஏறினார். சேலைத் திரையொன்றை ஒதுக்கிப் பார்த்தார்.

"இதென்ன கோலம்?"

"பாரமில்லை அண்ணை."

படுக்கையின் ஓரத்தில் இருந்தார். அங்கே சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்டது. எழும்புவார் என்று பார்த்தேன், எழும்பவில்லை. கையை முழங்காலில் வைத்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணைக்கு வயதாகிவிட்டது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அங்கை… எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தருமே?"

"ஒருத்தருமே இல்லை அண்ணை."

வீட்டு வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"இவை போனாப் பிறகு எனக்கு ஒரு கிழமை தருவியோ? நானும் உன்ரை மச்சாளும் மட்டும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

கணவரின் கையிலிருந்த வாகனத் திறப்பை வாங்கி அவர் கையில் வைத்தேன். "பால் மட்டும் காய்ச்சாதேங்கோ" என்றேன்.

அண்ணை சிரிக்கவில்லை. திறப்பைச் சட்டைப் பைக்குள் ஆழமாகப் போட்டார். உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "வாறன், வாறன்" என்று குரல் கொடுத்தார். ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார்.